மும்பை மாட்டுங்காவில் கோதுமை ஆகாத பையனுக்கு என்ன வாங்கிக் கொடுக்கலாம்?

முலுண்ட்_வாசி:
அக்கா மகன் விடுமுறைக்குச் சென்னையிலிருந்து வருகிறான், ஒன்பது வயது. அவனுக்கு சீலியாக் நோய். கோதுமை, மைதா, ரவை, பார்லி எதுவும் துளிகூட ஆகாது. வீட்டில் சமாளித்துவிடுவேன், ஆனால் மாட்டுங்கா போய் தோசை சாப்பிட வேண்டும் என்று இப்போதே அடம். தோசையும் இட்லியும் அரிசி உளுந்துதானே, இதில் என்ன கவலை என்கிறார் என் வீட்டுக்காரர். அக்காவோ போனிலேயே பதறுகிறாள். இந்த மாதிரி பத்தியத்தோடு அங்கே சாப்பிட்டவர்கள் யாராவது சொல்லுங்களேன், எதைக் கேட்க வேண்டும், எதைத் தொடவே கூடாது?

தாராவி_தம்பி:
உங்கள் வீட்டுக்காரர் சொல்வது சரிதான் அக்கா. ரவா தோசை, உப்புமா, பூரி, பைனாப்பிள் ஷீரா இதையெல்லாம் விட்டுவிட்டால் மீதி அரிசிதான். ரொம்பப் பயமாக இருந்தால் ஜெயின் சாம்பார் கேளுங்கள், அதில் கண்டதையும் போட மாட்டார்கள்.

செம்பூர்_சித்தி:
தம்பி, அவசரப்படாதே. ஜெயின் சாம்பாரில் வெங்காயம் பூண்டு கிடையாது, அந்தக் குறையை ஈடுகட்டப் பெருங்காயத்தைத் தாராளமாகப் போடுவார்கள். சிக்கலே அங்கேதான். கடையில் கிடைப்பது பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம். அசல் பிசின் கொஞ்சம், மீதி மாவும் கோந்தும், அந்த மாவு பல பிராண்டுகளில் கோதுமை மாவு அல்லது மைதா. வீட்டில் இருக்கும் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள், பின்னால் எழுதியிருக்கும். கட்டிப் பெருங்காயமும் இதற்கு விதிவிலக்கு இல்லை.

எனக்கும் இதே நோய்தான், அதனால் சொல்கிறேன். சாம்பார், ரசம், மிளகாய்ப்பொடி, மோர், தயிர்சாதத்தின் தாளிப்பு, எல்லாவற்றிலும் பெருங்காயம் உண்டு. தோசையை மட்டும் விசாரித்துவிட்டுத் தொட்டுக்கொள்வதை மறந்துவிடுவோம். வயிறு வலிக்கவில்லை, அதனால் ஒன்றும் ஆகவில்லை என்றும் நினைக்காதீர்கள், வலியே இல்லாமல் சிறுகுடல் உள்ளே கெட்டுக்கொண்டிருக்கும்.

அப்புறம், பரிமாறுகிறவரிடம் நோயின் பெயரையோ குளூட்டன் (கோதுமையில் இருக்கும் புரதம்) என்றோ சொன்னால் பாவம் அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார். கேஹூன் (கோதுமை), மைதா, சூஜி (ரவை), ஹிங் (பெருங்காயம்) என்று இந்தியில் பொருளாகச் சொல்லுங்கள், உடனே புரியும். நான் வழக்கமாகக் கேட்பது இட்லி, தாளிக்காத தேங்காய்ச் சட்னி. ரவா இட்லியும் அதே கொப்பரையில் வேகிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்வேன்.

பழைய_தோசை_மாஸ்டர்:
சித்தி சொன்னதோடு அடுப்பங்கரைப் பக்கமும் கொஞ்சம் கேட்டுக்கொள்ளுங்கள். தோசை சிவந்து மொறுமொறுப்பாக வர வேண்டும் என்று சில கடைகளில் மாவில் ஒரு கை ரவையோ மைதாவோ கலப்பார்கள். எல்லாரும் இல்லை, ஆனால் கேட்காமல் தெரியாது. ராகி தோசை என்றாலும் முழுக்க ராகி என்று நம்பிவிடாதீர்கள். ரவா தோசை போட்ட அதே கல்லில்தான் அடுத்த சாதா தோசையும் விழும். நடுவில் தண்ணீர் தெளித்துத் துடைப்பத்தால் ஒரு இழு, அவ்வளவுதான், கழுவ யாருக்கு நேரம்? மெதுவடை வெறும் உளுந்துதான், ஆனால் பூரியும் மைதா போண்டாவும் பொரிந்த எண்ணெயில் அதையும் போட்டால் என்ன பிரயோஜனம்? வடை வேண்டவே வேண்டாம்.

ஞாயிறு காலை மட்டும் போகாதீர்கள். கிங்ஸ் சர்க்கிளில் 1940ல் தொடங்கிய கஃபே மெட்ராஸ் வாசலில் நிற்கிற கூட்டத்தைப் பார்த்திருப்பீர்கள், அந்த நெரிசலில் மாஸ்டரே நினைத்தாலும் உங்களுக்காகத் தனிக் கல் வைக்க முடியாது. வார நாளில், மதியச் சாப்பாட்டுக் கூட்டம் ஓய்ந்த பிறகு போய், முதலில் கல்லாவில் இருப்பவரிடம் பேசுங்கள். குழந்தைக்கு உடம்புக்கு ஆகாது என்றால் பெரும்பாலும் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வருவார்கள். அப்படிக் கூப்பிட்டுச் சொன்னால் நானே தனியாக ஒரு சின்னக் கல்லைக் காய வைத்து ஊற்றிக் கொடுத்திருக்கிறேன். நீர் தோசை கிடைக்கும் கடையாக இருந்தால் இன்னும் நல்லது, அரைத்த அரிசி, தண்ணீர், உப்பு, சில இடத்தில் தேங்காய், வேறு ஒன்றும் கிடையாது. “தெரியாது சார், பார்த்துக்கலாம்” என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

முலுண்ட்_வாசி:
பெருங்காயம் என் புத்திக்கு எட்டவே இல்லை! இப்போதுதான் எங்கள் டப்பாவைப் பார்த்தேன், இரண்டாவது பெயரே கோதுமை மாவு. சாம்பார் இல்லாமல் அவன் தோசையைத் தொட மாட்டானே, வீட்டிலிருந்து எடுத்துப் போனால் ஹோட்டலில் ஏதாவது சொல்வார்களா?

செம்பூர்_சித்தி:
சின்ன ஃப்ளாஸ்க்தானே, கல்லாவில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், குழந்தைக்கென்றால் யாரும் தடுத்து நான் பார்த்ததில்லை. அரிசி மாவு சேர்த்த பெருங்காயம் கிடைக்கிறது, லேபிளில் குளூட்டன் இல்லை என்று இருந்தால் வாங்குங்கள், அப்படிப் போட்டு விற்பதற்குக் கிலோவுக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று விதி இருக்கிறது. கிடைக்காவிட்டால் பெருங்காயமே போடாமல் வெந்தயத்தைக் கொஞ்சம் தூக்கலாக வறுத்து அரைத்துவிடுங்கள். கரண்டியும் வீட்டிலிருந்தே போகட்டும்.