கிணற்று உப்புமானியைச் சோதிக்க ஆட்கள் தேவை

வணக்கம் நண்பர்களே. கிணற்று நீரின் உப்புத்தன்மையை அளக்கும் திறந்த மூலக் கருவியொன்றை உருவாக்கியிருக்கிறோம். இறுதி வெளியீட்டுக்கு முன், இலங்கையின் கிழக்குக் கரையில் கல்லடி முதல் அக்கரைப்பற்று வரை வாவியையோ கடலையோ ஒட்டிக் கிணறு வைத்திருப்பவர்கள் சோதித்துத் தர வேண்டும்.

மேசையில் கரைத்த உப்புநீரை அளப்பது பெரிய காரியமல்ல. பாசி பிடித்த கிணற்றில், அடைமழையில் தாங்குமா என்பதே கேள்வி. உப்பு கூடக் கூட நீர் மின்சாரத்தை அதிகம் கடத்தும்; இந்த மின்கடத்துதிறனை அளந்தே கருவி உப்பைக் கணிக்கிறது. ஆனால் நீர் ஒரு பாகை செல்சியஸ் சூடேறினாலே மின்கடத்துதிறன் ஏறத்தாழ 2 சதவீதம் உயரும். இந்த வெப்ப மாற்றத்துக்காகக் கருவி செய்யும் திருத்தம் வெயிலிலும் சரியாக வருகிறதா? மின்முனைகளில் துரு படிகிறதா, பெட்டிக்குள் எறும்பு நுழைகிறதா என்றும் பார்த்துப் படத்துடன் எழுதுங்கள். குறைகளைத் தயங்காமல் சொல்லுங்கள்.

கிருமிகளை இது காட்டாது. குடிநீர்ப் பரிசோதனைக்கு ஈடாகக் கொள்ள வேண்டாம். சுற்று வரைபடமும் நிரலும் தருவோம், விரும்பியபடி மாற்றலாம். முன்வருவோர் ஊரையும் கிணற்றின் ஆழத்தையும் கீழே குறிப்பிடுங்கள்.