அம்மாவுக்குச் சரவாங்கி: வாரம் ஒரு நாள் மாத்திரை போதுமா?

முக்கூடல் மகள்:
அம்மா சிறு வயதிலிருந்தே பீடி சுற்றுபவர். தை பிறந்ததிலிருந்து காலையில் விரல் மடங்குவதில்லை. சுளகை மடியில் வைத்து இலையை வெட்டிவிடுகிறார். தூள் வைத்துச் சுருட்டியும் விடுகிறார். முனையை மடக்கும் இடத்தில் கை நின்றுவிடுகிறது. பத்து மணிக்கு மேல்தான் இளகுகிறது. இரண்டு மணிக்கட்டிலும் வீக்கம். பாளையங்கோட்டையில் காட்டினோம். ரத்தப் பரிசோதனையில் ஆர்.ஏ. ஃபேக்டர், ஆன்டி சிசிபி இரண்டும் கூடுதல், சரவாங்கிதான் (முடக்குவாதம்) என்றார்கள். மெத்தோட்ரெக்சேட் மாத்திரை வாரம் ஒரு நாள், ஃபோலிக் அமிலம் வேறொரு நாள். சில வாரம் ஆகியும் வலி குறையவில்லை. அது புற்றுநோய் மருந்து என்று சித்தி பயமுறுத்துகிறார். பக்கத்து ஊரில் ஒருவர் தரும் பொடியைத் தின்றால் மறுநாளே எழுந்து நடக்கலாமாம். அம்மாவுக்கு அதில்தான் மனம். என்ன செய்ய?

மேலப்பாளையம் மருந்துக்கடை:
தங்கச்சி, மாத்திரை அட்டையில் கிழமையைப் பேனாவால் பெரிதாக எழுதி வையுங்கள். வாரம் ஒரு நாள் என்றால் ஒரு நாள்தான். தவறித் தினமும் போட்டால் வாயெல்லாம் புண்ணாகும், ரத்த அணுக்கள் குறையும், உயிருக்கே ஆபத்து.

அம்பை டீச்சர்:
எனக்கும் இதே நோய்தான், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பொடி. மறுநாளே வலி பறக்கிறது என்றாலே, வீக்கத்தை வேகமாக அடக்கும் ஸ்டீராய்டு மருந்துதான் எனக்கு ஞாபகம் வரும். இப்படி விற்கும் பொடிகள் சிலவற்றில் அதைக் கலந்திருப்பது பரிசோதனைகளில் தெரிந்திருக்கிறது. அதன் வரலாறு அம்மாவுக்குத் தெரிய வேண்டும். அமெரிக்காவில் மேயோ கிளினிக்கில் பிலிப் ஹென்ச் என்று ஒரு மருத்துவர். 1929இல் அவரிடம் வந்த சரவாங்கி நோயாளி ஒருவருக்கு மஞ்சள் காமாலை வந்தது. வந்ததும் மூட்டு வலி குறைந்துபோனது. கர்ப்பமான பெண்களுக்கும் அப்படியே குறைவதைப் பார்த்தார். உடம்புக்குள்ளேயே ஏதோ ஒன்று இந்த நோயை அடக்குகிறது என்று நினைத்து ஏறத்தாழ இருபது வருடம் அதையே தேடினார். அதே இடத்தில் எட்வர்ட் கெண்டல் அட்ரினல் சுரப்பியிலிருந்து பிரித்த பொருளை 1948 செப்டம்பரில், படுக்கையில் கிடந்த ஒரு பெண்ணுக்கு ஊசியாகப் போட்டார்கள். சில நாளில் அவர் எழுந்து நடந்தார். அதுதான் கார்டிசோன் என்ற ஸ்டீராய்டு. 1950இல் ஹென்ச், கெண்டல், சுவிட்சர்லாந்தில் இதே ஆய்வைச் செய்த ரைக்ஸ்டைன் மூவருக்கும் நோபல் பரிசு.

ஆனால் மருந்தை நிறுத்தியதும் நோய் திரும்பியது. அதிகமாகக் கொடுத்தவர்களுக்கு முகம் உப்பியது, சர்க்கரை ஏறியது, எலும்பு தேய்ந்தது. இது நோயைத் தீர்க்கும் மருந்து அல்ல என்று ஹென்ச்சே சொன்னார். கண்டுபிடித்தவரே அப்படிச் சொன்னதை அளவில்லாமல் பொட்டலம் கட்டிக் கொடுத்தால் எப்படி? அம்மா ஏற்கெனவே சாப்பிட்டிருந்தால் சட்டென்று நிறுத்தவும் வேண்டாம், டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

சித்தி சொன்னதில் பாதி உண்மை. மெத்தோட்ரெக்சேட் ரத்தப் புற்றுநோய்க்காக வந்ததுதான். அதை உருவாக்கிய ஆய்வுக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் எல்லப்பிரகட சுப்பாராவ், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். புற்றுநோய்க்குக் கொடுக்கும் அளவு மிகப் பெரிது. நமக்கு வாரத்துக்கு 7.5 முதல் 25 மில்லிகிராம் வரைதான். நோயை எதிர்க்க வேண்டிய சக்தி நம் மூட்டுச் சவ்வையே தாக்குவதை இது மெல்ல அடக்கும். ஆறு முதல் பன்னிரண்டு வாரம் பொறுக்க வேண்டும். அதுவரை வலி தாங்கவில்லை என்றால் டாக்டரிடம் கேளுங்கள். குறைந்த அளவு ஸ்டீராய்டைச் சில வாரம் மட்டும் கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பார்கள். அம்மா தேடுவது அதைத்தான், கணக்காகக் கொடுக்கும் கையில் கிடைக்கட்டும்.

இன்னொன்று, வீட்டில் யாராவது பீடி சிகரெட் பிடித்தால் வெளியே போகச் சொல்லுங்கள். புகைப்பழக்கத்துக்கும் ஆன்டி சிசிபி உள்ள சரவாங்கிக்கும் தொடர்பு உண்டு.

முக்கூடல் மகள்:
டீச்சர், உங்கள் பதிலை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். பொடி இரண்டு பொட்டலம் ஏற்கெனவே வாங்கிச் சாப்பிட்டாராம், இப்போதுதான் சொல்கிறார். இந்த மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்றால் வேறு வழி உண்டா?

அம்பை டீச்சர்:
உண்டு தாயி. லண்டனில் ஃபெல்ட்மன், மைனி இருவரும் உடம்பில் வீக்கத்தைத் தூண்டும் டி.என்.எஃப். என்ற பொருளைத் தடுத்து 1992இல் முதன்முதலாக நோயாளிகளிடம் சோதித்தார்கள். அந்த வகை ஊசிகள் நம் ஊரிலும் கிடைக்கின்றன, விலைதான் அதிகம். போடுமுன் காசநோய்ப் பரிசோதனை கட்டாயம். அம்மாவுக்கு இப்போது அவ்வளவு தூரம் யோசிக்க வேண்டாம். மிச்சப் பொட்டலம் இருந்தால் அதையும் எடுத்துக்கொண்டு நாளைக்கே டாக்டரிடம் போங்கள். ரத்த அணுக்கள், கல்லீரல் பரிசோதனை எப்போது என்றும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.