ஜெர்சி நடுக்கமும் நம்ம ஊர் வகுப்பறை லிண்டலும்

ஊர்ச் சொந்தங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

சனிக்கிழமை இரவுக்குப் பிறகு குழுவில் வந்த மடல்களை எல்லாம் இன்றுதான் உட்கார்ந்து படித்தேன். இங்கே அனைவரும் நலம். 2025 ஆகஸ்ட் 2 இரவு 10.18க்கு வந்த நிலநடுக்கத்தின் அளவு வெறும் 3.0. மையம் ஹாஸ்ப்ரூக் ஹைட்ஸ், அதாவது நியூயார்க்குக்கு ஆற்றுக்கு இக்கரையில், நாங்கள் இருக்கும் நியூ ஜெர்சி மாநிலத்து ஊர். எடிசன் பக்கம் எங்கள் தெருவில் பாதிப்பேர் கவனிக்கவே இல்லை. ஃபேஸ்புக்கைப் பார்த்த பிறகு "ஆமாமா, எனக்கும் கட்டில் ஆடுச்சு" என்றவர்கள் உண்டு. செவ்வாய்க்கிழமை ஹில்ஸ்டேலில் 2.7 ஒன்று. அதையும் கணக்கில் சேர்த்து ஊரில் யாரோ "அமெரிக்காவில் தொடர் பூகம்பம்" என்று வாட்ஸ்அப்பில் கிளப்பிவிட, பெரியம்மா நடுராத்திரியில் போன் செய்துவிட்டார்.

போன வருடம் வந்ததுதான் நடுக்கம். 2024 ஏப்ரல் 5, வெள்ளிக்கிழமை காலை 10.23, அளவு 4.8. மையம் ஒயிட்ஹவுஸ் ஸ்டேஷன் அருகே. 3.0க்கும் 4.8க்கும் எண்ணில் வித்தியாசம் சின்னதாகத் தெரிகிறது, ஆனால் ஒவ்வொரு முழு எண்ணுக்கும் ஆற்றல் ஏறத்தாழ 32 மடங்கு கூடும். அந்தக் கணக்கில் போன வருடத்தது சனிக்கிழமையதைவிட சுமார் 500 மடங்கு. பலர் முதலில் நினைத்தது வாசலில் கனரக லாரி போகிறது என்று. சிலர் கீழ்த்தளத்தில் பாய்லர் வெடித்துவிட்டதோ என்று ஓடிப் பார்த்தார்கள். பூகம்பம் என்று ஒருவருக்கும் முதலில் தோன்றவில்லை, தோன்ற வாய்ப்பும் இல்லை. நியூயார்க் வட்டாரத்திலேயே மையம் கொண்டு இதைவிடப் பெரியதாக வந்தது என்றால் 1884க்குப் போக வேண்டும். ஐ.நா. பாதுகாப்பு அவையில் பேசிக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்தினார். எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் கணக்கிலிருந்து "நான் நலம்" என்று ட்வீட் வந்தது. கைப்பேசி எச்சரிக்கை எல்லாம் ஆடி அடங்கிய பிறகு சாவகாசமாக வந்து சேர்ந்தது. எங்களுக்கு அது செய்தி அறிக்கைதான், எச்சரிக்கை அல்ல.

சேதம் குறைவு. மையத்துக்கு அருகே ரெடிங்டனில் அமெரிக்கச் சுதந்திரப் போர்க் காலத்துக் கல் மாவு ஆலை ஒன்றின் முகப்பு சரிந்தது. இந்தக் கல் சுவரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

துபாய் சித்தப்பா கேட்டிருந்தார்: கலிபோர்னியாவில் 4.8க்கு யாரும் டீ கிளாஸைக்கூட கீழே வைக்க மாட்டார்களே, நீங்கள் மட்டும் ஏன் இத்தனை கலாட்டா செய்கிறீர்கள் என்று. பழக்கமின்மை ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் காலடியில் இருக்கிறது. இந்தக் கிழக்குக் கரைப் பாறை மிகப் பழையது, குளிர்ந்து இறுகியது, உடைசல் குறைந்தது. கலிபோர்னியாவின் தரை இளையது, கண்ட இடமெல்லாம் பிளவு. விரிசல் விட்ட பானையைத் தட்டினால் சத்தம் அங்கேயே செத்துவிடும், விரிசல் இல்லாததைத் தட்டினால் கணகணவென்று நீளும் அல்லவா, அப்படி. ஒரே அளவு நடுக்கம் மேற்கைவிடக் கிழக்கில் பத்து மடங்கு வரை பரப்பில் உணரப்படும் என்று அமெரிக்க நிலவியல் ஆய்வகமே சொல்கிறது. 2011 ஆகஸ்டில் வர்ஜீனியாவில் 5.8 வந்தபோது வாஷிங்டன் நினைவுத் தூண் விரிசல் விட்டது, கனடா வரைக்கும் ஆடியது. போன வருடத்து 4.8க்கு அந்த ஆய்வகத்தின் இணையதளத்தில் "எனக்கும் ஆடியது" என்று பதிந்தவர்கள் 1,80,000க்கும் மேல்.

பாறை பழையது என்றால் ஏன் ஆட வேண்டும்? ஆப்பிரிக்கா இங்கிருந்து பிய்த்துக்கொண்டு போன காலத்துப் பிளவுகள், சுமார் 20 கோடி ஆண்டுப் பழசு, இன்னும் அடியில் கிடக்கின்றன. பூமியின் மேலோடு பெரிய பெரிய தட்டுகளாக இருக்கிறது; தட்டின் ஓரத்தில் விழும் அழுத்தம் நடுப்பகுதி வரை வருகிறது. பழைய பிளவில் எங்காவது ஒன்று எப்போதாவது நழுவுகிறது. எது, எப்போது என்று யாராலும் சொல்ல முடியாது. நூறு வருடம் சும்மா இருந்த இடம்கூட அசையலாம்.

சிங்கப்பூர் மாமா, அங்கே உங்கள் மேல்மாடி வீட்டில் விளக்கு ஊஞ்சலாடுவது இந்த ரகம் இல்லை. அது சுமத்ராவில் வரும் பெரிய நடுக்கம். தூரத்திலிருந்து வரும் மெதுவான அலைகள் உயரமான கட்டடத்தைத்தான் பிடித்து ஆட்டும், கீழே பேருந்து நிறுத்தத்தில் நிற்பவருக்குத் தெரியாமலே போகலாம். 2013 ஏப்ரலில் ஈரானில் 7.7 வந்தபோது துபாய் கோபுரங்களிலிருந்து மக்கள் இறங்கி ஓடியதும் இதனால்தான்.

சரி, இதையெல்லாம் இவ்வளவு நீட்டி எழுதக் காரணம் மாமா போட்ட கடைசி வரி. "நம்ம ஊரு பாறை மேல இருக்கு, நமக்கு அந்தக் கவலையே இல்லை."

மாமா கோபித்துக்கொள்ளக் கூடாது. கோவைப் பக்கத்து நம்ம ஊர்ப் பாறை இந்த ஜெர்சிப் பாறையின் ரகம்தான், சொல்லப்போனால் இதைவிடப் பழசு. கிணறு வெட்டியவர்களுக்குத் தெரியும் அதன் கெட்டி. ஆனால் 1900 பிப்ரவரி 8 அன்று கோயம்புத்தூர்ப் பக்கம் ஏறத்தாழ 6 அளவில் ஆடியிருக்கிறது. பாலக்காட்டுக் கணவாய் நெடுக அடியில் பழைய பிளவுகள் இருக்கின்றன. இந்திய தர நிர்ணயத்தின் 2016ஆம் ஆண்டு நில அதிர்வு வரைபடத்தில் கோவை மூன்றாம் மண்டலம், மிதமான அபாயம் என்று பொருள்.

கில்லாரி பூகம்பத்தை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். 1993 செப்டம்பர் 30, விடிவதற்கு முன்பு. முந்தின நாள் பிள்ளையார் கரைத்துவிட்டு வந்து அசந்து தூங்கிய சனம். மராட்டியத்தின் லாத்தூர், உஸ்மானாபாத் மாவட்டங்களில் ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். அளவு 6.2தான். அதுவும் "இங்கே வராது" என்று சொல்லப்பட்ட தக்காணப் பாறைதான். கொன்றது பாறை அல்ல, வீடு. முன்னால் சொன்ன ரெடிங்டன் ஆலையைப் போல இங்கும் கல் சுவர்தான்: மண் சாந்தில் அடுக்கிய தடிமனான சுவர்கள், சுவரின் இரண்டு முகத்தையும் கோர்த்துப் பிடிக்கும் நீளக் கல் இல்லை, மேலே பாரமான மண் கூரை.

இங்கே ஜெர்சியில் வீடுகள் பெரும்பாலும் மரச் சட்டம். கிறீச்சிடும், ஆடும், நின்றுவிடும். (ஜெர்சிக்காரர்கள் ஒன்று கவனிக்க: சாதாரண வீட்டுக் காப்பீட்டில் பூகம்பம் வராது, தனியாகச் சேர்க்க வேண்டும். நான் சேர்க்கவில்லை, சேர்க்கப் போவதும் இல்லை, அது அவரவர் கணக்கு.) நம்ம ஊரில் தொட்டிக்கட்டு வீடுகளும் பொடக்காளிச் (கொல்லைப்புறச்) சுவர்களும் எப்படி நிற்கின்றன என்று எல்லோருக்கும் தெரியும். அவற்றை இடித்துக் கட்டச் சொல்லவில்லை. அட்டாலியில் ஏற்றிவைத்திருக்கும் அண்டா குண்டாவை, குறைந்தபட்சம் அப்பா அம்மா படுக்கும் கட்டிலுக்கு நேர் மேலே இல்லாமல், இந்த முறை போகிறவர்கள் இறக்கி வையுங்கள். ஆடினால் என்ன செய்வது என்றும் சொல்லிவிட்டு வாருங்கள். கான்கிரீட் வீடு என்றால் ஓடக்கூடாது, உறுதியான மேசைக்கு அடியில் போய் அதன் காலைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பழைய மண் சுவர் ஓட்டு வீட்டில் வாசலுக்குப் பக்கத்தில் இருந்தால் வெட்டவெளிக்கு வந்துவிடுவதே மேல் என்பது என் எண்ணம்.

முக்கியமான விஷயம் பள்ளிக்கூடம். சங்கப் பணத்தில் நாம் கட்டித் தரப்போகும் இரண்டு வகுப்பறைகளின் எஸ்டிமேட்டைச் செயலாளர் அண்ணன் போன வாரம் அனுப்பியிருந்தார். செங்கல் சுவர், மேலே கான்கிரீட் தளம். வரைபடத்தில் லிண்டல், அதாவது திறப்புக்கு மேலே சுவரைத் தாங்கும் கான்கிரீட் சட்டம், கதவுக்கும் ஜன்னலுக்கும் மேலே மட்டும் துண்டு துண்டாக இருக்கிறது. அது போதாது. நான்கு சுவரையும் சுற்றி ஒரே பெல்ட்டாக ஓட வேண்டும். தரை ஆடும்போது முதலில் திறப்பது மூலைகள்தான், மூலை திறந்தால் சுவர் வெளியே சாயும். சுற்றி ஓடும் கான்கிரீட் பெல்ட் நான்கையும் சேர்த்துப் பிடிக்கும். கம்பியை மூலையில் வெட்டி நிறுத்தாமல் வளைத்து அடுத்த சுவருக்குள் கொண்டுபோக வேண்டும். இது நான் சொல்வதில்லை, ஐ.எஸ். 4326 என்ற இந்தியத் தரக்குறிப்பிலேயே இருக்கிறது. மேஸ்திரி "நம்ம பக்கம் இதெல்லாம் எதுக்குங்க" என்பார். சிமென்ட்டும் கம்பியும் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். அந்தக் கூடுதலை ஜெர்சியில் இருக்கும் நாங்களே பகிர்ந்துகொள்கிறோம், ஏற்கெனவே பேசிவிட்டோம்.

அண்ணா, அஸ்திவாரம் தோண்டும் முன் இன்ஜினியரிடம் வரைபடத்தை மாற்றி வாங்கிக் குழுவில் போடுங்கள். கோவையில் இருக்கும் தம்பிகள் யாராவது லிண்டல் கட்டும் நாளில் நேரில் போய் மூலைக் கம்பியைப் படம் எடுத்து அனுப்ப முடியுமா? பூசிய பிறகு பார்த்துப் பயனில்லை.