உளுத்த பித்தளை: 'நாகநீக்கம்' என்ற சொல் பற்றி

எல்லோருக்கும் வணக்கம்.

கடல்நீரில் பித்தளை உருவம் மாறாமல் பலமிழந்துபோவதற்கு (ஆங்கிலத்தில் dezincification) போன கிழமை இங்கே ஐயா ஒருவர் 'நாகநீக்கம்' என்ற சொல்லை முன்வைத்ததை வாசித்ததிலிருந்து எனக்கு மனம் ஒப்பவில்லை. ஏனென்று கையில் பட்டதைக் கொண்டே சொல்கிறேன்.

நானும் மச்சானும் திருகோணமலை கொட்பேயில் ஒரு பழைய மர வள்ளத்தைக் கரையேற்றித் திருத்திக்கொண்டிருக்கிறோம். 1957இல் பிரிட்டிஷ்காரர் இங்கத்தைக் கடற்படைத் தளத்தைக் கையளிப்பதற்கு முந்திய வள்ளம் என்று விற்றவர் சொன்னார். சுக்கான் கீல், கயிறு சுற்றும் கொம்புகள், திருகாணிகள் எல்லாம் அந்தக் காலத்து உருப்படிகள்தான், பச்சை பூத்துக் கிடந்தன. வீட்டில் குத்துவிளக்குக்குச் செய்வதுபோலப் புளியும் உப்பும் போட்டுத் தேய்த்தோம். கீல் அழகாக வந்தது, அது வெண்கலம். ஆனால் திருகாணித் தலைகள் மஞ்சளாக வராமல் வெளிறிய செம்பு நிறத்தில் வந்தன. ஒன்றில் திருப்புளியை வைத்து மெல்லத் திருப்பியதும் தலை தனியாகக் கழன்று விழுந்தது. முறிந்த இடம் முழுக்கச் சிவப்பு, சுரண்டினால் பொடி. இத்தனைக்கும் புரி ஒன்றுகூடத் தேயவில்லை!

பித்தளை என்பது செம்பும் நாகமும் (தமிழ்நாட்டு நண்பர்களுக்குத் துத்தநாகம்) கலந்தது. நாகம் நூற்றுக்கு 15க்கு மேல் போனாலே கடல்நீரில் இந்த ஆபத்து இருக்கிறது, வழக்கமான பித்தளைத் திருகாணியிலோ 35, 40 வரை இருக்கும். நாகம் கரைந்து வெளியேறிவிட, செம்பு மட்டும் பஞ்சுபோலத் துளைதுளையாக அதே உருவத்தில் நிற்கிறது. உருவம் இருக்கும், பலம் இருக்காது.

இதற்குத் துரு என்ற சொல் ஆகாது, அது இரும்புக்கு உரியது. களிம்பும் இல்லை. செம்பின் களிம்பைச் சைவ சித்தாந்தத்தில் ஆணவ மலத்துக்கு உவமை சொல்வார்கள், களிம்பு நீங்கினால் உலோகம் துலங்க வேண்டும், இங்கே களிம்பை நீக்கிய பிறகுதான் நோயே தெரிகிறது. அரிப்பு என்றால் தேய்ந்து மெலிந்ததைத் தேடுவோம். 'நீக்கம்' என்றால், உப்புநீக்கம் மாதிரி, யாரோ வேண்டுமென்று செய்த வேலை என்றுதான் காதில் விழுகிறது.

மச்சான் அந்தத் துண்டைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இது உளுத்துப்போச்சு" என்றான். அவன் இரசாயனம் படித்தவன் இல்லை. எனக்கு அந்தச் சொல்தான் வேண்டும். பித்தளை உளுத்தல். உளுத்த ஆணி, உளுக்காத பித்தளை என்று வினையாகவும் ஓடும். மேற்பரப்பு முழுவதும் ஒரே படையாக நடப்பதைப் படையுளுத்தல் என்றும், அங்கங்கே ஆழமாக இறங்குவதைப் புள்ளியுளுத்தல் என்றும் பிரிக்கலாம். கடலில் கிடந்த வார்ப்பிரும்பில் இரும்பு போய்ப் பென்சில் கரி மட்டும் மிஞ்சிக் கத்தியால் வெட்டுகிற பதத்துக்கு வருமே, அதுவும் இதே குடும்பம், அதற்கும் இது பொருந்தும்.

— திருகோணமலையிலிருந்து

மறுமொழி (நாகப்பட்டினம்)

அண்ணா, சொல் நல்லா இருக்கு. ஆனா ஒரு தயக்கம். உளு என்றாலே மரத்தைத் தின்னும் பூச்சி. மரப்படகில் பலகையும் உளுக்கும், ஆணியும் உளுக்கும் என்றால் வேலைக்காரருக்குக் குழப்பம் வராதா? பாடநூலுக்குத் துத்தநாக இழப்பு என்று வைத்துக்கொள்ளலாமே. இன்னொன்று, மாங்கனீசு வெண்கலம் என்று கேட்டு வாங்கிவிடாதீர்கள், பெயரில்தான் வெண்கலம், உள்ளே நூற்றுக்கு 40 வரை துத்தநாகம்.

மறுமொழி (திருகோணமலை)

தம்பி, நன்றி. அந்த எச்சரிக்கை சரியான நேரத்தில் வந்தது, கடைக்காரர் காட்டியது அதுவேதான். ஸ்டெயின்லெஸ் போடுங்கள் என்றும் ஒருவர் சொன்னார், ஆனால் ஈர மரத்துக்குள் காற்றுப் படாத இடத்தில் அதுவும் குழி விழும். சிலிக்கன் வெண்கலத் திருகாணிக்குச் சொல்லி வைத்திருக்கிறோம்.

பலகை உளுத்தது, பித்தளை உளுத்தது என்று பொருளின் பெயரோடு சேர்த்துத்தானே சொல்வோம், அதனால் குழப்பம் வராது. பூச்சி இல்லாத இடத்திலும் 'உளுத்துப்போன வாதம்' என்று எழுதுகிறோம். நாக இழப்பு என்பது காரணத்தைச் சொல்கிறது, அதைப் பாடநூலில் எழுதுங்கள், எனக்கு மறுப்பில்லை. ஆனால் வள்ளத்தில் ஏறி ஒரு கொம்பில் கயிற்றைச் சுற்றப்போகிறவனுக்கு 'அது நாகம் இழந்தது' என்றால் ஒன்றும் விளங்காது, 'உளுத்தது' என்றால் கையை எடுத்துவிடுவான்.

நேற்று எல்லாக் கொம்புகளையும் அரத்தால் கீறிப் பார்த்தோம். இரண்டில் சிவப்பு மேலோடு நின்று அடியில் மஞ்சள் தெரிந்தது, அவற்றைத் திரும்பப் பூட்டுவோம். மற்ற இரண்டும் அடிவரை உளுத்திருக்கின்றன. வெண்கலத்தில் புதிதாக வார்க்க அவற்றையே அச்சுக்குக் கொடுக்கிறோம்.