பிள்ளைகளும் டிசைனர்களும் சேர்ந்தால் வெள்ளம் வடிந்துவிடுமா?

முதுநகர் டீச்சர்:
வணக்கம். கடலூரில் அரசு உதவிபெறும் பள்ளி ஒன்றில் எட்டு, ஒன்பதாம் வகுப்புகளுக்கு அறிவியல் எடுக்கிறேன். புதுச்சேரியில் வேலை பார்க்கும் சில இளம் டிசைனர்கள் எங்கள் தலைமையாசிரியரிடம் வந்து பேசியிருக்கிறார்கள். ஒருவர் கட்டட வரைபடம் போடுபவர், ஒருவர் எழுத்து, படம் என்று வரைகலை செய்பவர், இன்னொருவர் நாற்காலி, விளக்கு மாதிரிப் பொருட்களை வடிவமைப்பவர். அரையாண்டு விடுமுறையில் பிள்ளைகளோடு உட்கார்ந்து, பருவநிலை மாற்றத்தால் நம் ஊர் படும் பாட்டுக்கு ஏதாவது செய்து பார்க்கலாம் என்கிறார்கள். வரையலாம், மாதிரி செய்யலாம், தெருவில் வைத்துச் சோதிக்கலாம். பணம் கேட்கவில்லை. ஆசிரியர் அறையில் இரண்டு கட்சி ஆகிவிட்டது. "நல்ல விஷயம்" என்று ஒரு கட்சி, "இன்னொரு போஸ்டர் போட்டி" என்று மறு கட்சி. நான் முதல் கட்சி. ஆனால் பிள்ளைகளை என்னதான் செய்யச் சொல்வது என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. உங்களுக்கு என்ன தோன்றுகிறது?

கெடிலக்கரை:
டீச்சர், கோபித்துக்கொள்ளக் கூடாது. இப்படி நிறையப் பார்த்தாயிற்று. பிளாஸ்டிக் பாட்டிலில் மீன் செய்வார்கள், சார்ட் பேப்பரில் உருண்டையாக ஒரு பூமி அழும், "பூமியைக் காப்போம்" என்று பெரிய பிளெக்ஸ் முன்னால் நின்று போட்டோ எடுப்பார்கள். மறுவாரம் அதே பிளெக்ஸ் உப்பனாற்றில் மிதக்கும். இதே மாவட்டத்தில் நெய்வேலியில் 1962-லிருந்து பழுப்பு நிலக்கரி எரிகிறது. அதைப் பற்றி ஒரு பிள்ளை கேள்வி கேட்டால் உங்கள் பள்ளி விடுமா? பெரியவர்கள் செய்யவேண்டியதைச் சின்னப்பிள்ளைகள் தலையில் கட்டுவதற்கு இது ஒரு அழகான வழி. நம் தெருவில் தண்ணீர் நின்றால் வாய்க்காலைத் தூர்வார வேண்டும். அதற்கு டிசைன் வேண்டாம், பொக்லைன் வேண்டும்.

வரைகோல்:
டீச்சர் சொல்லும் குழுவில் நான் இல்லை, ஆனால் அதே தொழில், அதே புதுச்சேரி. பொக்லைன் வேண்டும் என்பதில் எனக்குச் சண்டை இல்லை அண்ணே. ஒன்றே ஒன்று கேட்கிறேன். கடலூர் துறைமுகத்தில் மூன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினார்கள் என்று டி.வி.யில் ஓடுகிறது. மூன்றுக்கும் ஐந்துக்கும் என்ன வித்தியாசம்? மொத்தம் 11 எண்கள். கப்பல்காரர்களுக்காக உண்டான முறை அது. பகலில் கூம்பும் உருளையும் தொங்கும், இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகள். பதினொன்று என்றால் எல்லாவற்றையும் விடப் பெரிய புயல் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இல்லை, வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று அர்த்தம்.

இன்னொன்று. ஃபெஞ்சல் புயலுக்குப் பின், 2024 டிசம்பர் 1 ராத்திரி, தென்பெண்ணையின் குறுக்கே உள்ள சாத்தனூர் அணையிலிருந்து ஒன்றரை லட்சம் கனஅடிக்கும் மேல் திறந்தார்கள். செய்தி வந்தது. தென்பெண்ணைக் கரையில் படுத்திருப்பவருக்கு ஒன்றரை லட்சம் கனஅடி என்பது வாசற்படியா, ஜன்னலா, மொட்டைமாடியா? எச்சரிக்கை வருகிறது, ஆனால் வேலைக்கு ஆகிற மாதிரி வரவில்லை. அதை ஆளுக்குப் புரியும்படி மாற்றித் தருவதுதான் எங்கள் வேலை. தெருவுக்குத் தெரு தண்ணீர் எப்படி வந்தது என்று தெரிந்தவர்கள் அந்தத் தெருப் பிள்ளைகள். பாட்டில் மீனை விடுங்கள், அது எனக்கும் பிடிக்காது.

மதகு:
நீர்வளத் துறையில் இருந்து ஓய்வுபெற்றவன் நான். வரைகோல் சொல்வது கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் ஆபத்து. கனஅடி ஒன்றே ஆனாலும் நீர்மட்டம் ஒன்றாக இருக்காது. அந்த நேரம் கடல் ஏற்றத்தில் இருந்தால் ஆற்றுத் தண்ணீர் முகத்துவாரத்தில் முட்டிக்கொண்டு நிற்கும். முகத்துவாரம் மணல் மேடிட்டிருந்தால் இன்னும் மோசம். மேலே எங்காவது கரை உடைந்தால் கீழே மட்டம் குறையும், உடைந்த ஊர் மூழ்கும். எட்டாம் வகுப்புப் பையன் "ஒன்றரை லட்சம் என்றால் முழங்கால்" என்று படம் போட்டு ஒட்டி, அதை நம்பி உட்கார்ந்திருக்கும் கிழவிக்கு இடுப்பளவு வந்தால் யார் பதில் சொல்வது?

நல்லெண்ணத்தில் போட்ட டிசைன் என்ன செய்யும் என்பதற்குப் புதுச்சேரிக் கடற்கரையே சாட்சி. நம் கரையோரம் மொத்தக் கணக்கில் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். 1980-களில் அரியாங்குப்பம் ஆற்றுமுகத்தில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் தடுப்புச்சுவர்கள் கட்டினார்கள். மணல் சுவருக்குத் தெற்கே தங்கிவிட்டது. வடக்கே நகரத்தின் மணற்பரப்பு கரைந்து, கருங்கல் கொட்டித்தான் சாலையைக் காப்பாற்றினார்கள். கல் கொட்டிய இடத்துக்கு வடக்கே கோட்டக்குப்பம், சின்னமுதலியார்சாவடி பக்கம் அரிப்பு தொடர்ந்தது. படித்த பொறியாளர்கள் போட்ட திட்டமே இந்த லட்சணம். இதில் பிள்ளைகளும் அலங்காரம் செய்பவர்களும் எதற்கு?

தாழங்குடா தம்பி:
சார், அந்தத் துறைமுகக் கதையையே ஒரு தட்டில் மணலும் தண்ணீரும் ஒரு மரச்சட்டமும் கொடுத்தால் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அரை மணியில் செய்து காட்டிவிடுவார்கள். மணல் எந்த மாதம் எந்தப் பக்கம் போகும் என்பது கடலுக்குப் போகிற ஆளுக்கெல்லாம் தெரியும். யாரும் உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொள்வதில்லை, அவ்வளவுதான். அதனால் "பிள்ளைகள் எதற்கு" என்று கேட்காதீர்கள்.

அப்புறம் நல்லவாட்டை மறந்துவிட்டீர்களே. புதுச்சேரிப் பக்கம் நல்லவாடு. 2004 சுனாமி அன்று சிங்கப்பூரிலிருந்து வந்த ஒரு போனும், கிராமத் தகவல் மையத்தின் ஒலிபெருக்கியும்தான் அந்த ஊரையே காப்பாற்றின. அந்த ஒலிபெருக்கி சுனாமிக்காக வைத்ததில்லை. அலை எவ்வளவு உயரம், காற்று எப்படி என்று மீனவர்களுக்குத் தினமும் அறிவிக்க எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வைத்தது. தினமும் புழங்கிய பொருள் என்பதால் அவசரத்துக்குக் கை தானாக அங்கே போனது. டிசைனர்கள் புது ஆப் ஒன்று செய்து தருகிறோம் என்று வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள் டீச்சர். புயல் அன்று முதலில் போவது கரன்ட், அடுத்தது டவர்.

முதுநகர் டீச்சர்:
எல்லோருக்கும் நன்றி. மதகு சார் எழுதியதைப் படித்துவிட்டு இன்று வகுப்பில் ஒரு கேள்வி கேட்டேன்: "உங்கள் வீட்டில் தண்ணீர் எதுவரை வந்தது?" ஒருவரும் அடி, சென்டிமீட்டர் சொல்லவில்லை. ஒரு பெண் "அம்மாவோட தையல் மெஷின் சக்கரம் பாதி முங்கிச்சு" என்றாள். இன்னொருவன் வீட்டில் இரும்பு பீரோவின் கீழ்க்கதவில் பெயின்ட் உப்பி ஒரு கோடு நிற்கிறதாம், துடைத்தாலும் போகவில்லையாம். ஒரு பையன் எழுந்து நின்று தன் விலா எலும்பில் கை வைத்துக் காட்டினான், அப்புறம் "அப்ப நான் குள்ளம் மிஸ்" என்று கையை இறக்கினான். எங்கள் பாடப்புத்தகத்தில் புவி வெப்பமாதல் இருக்கிறது, கரியமில வாயு இருக்கிறது. அந்தத் தையல் மெஷின் இல்லை.

வரைகோல்:
டீச்சர், விஷயம் கிடைத்துவிட்டது. மதகு சார் பயப்படுவது நியாயம், அதனால் வரப்போவதைச் சொல்லவே வேண்டாம். வந்ததை மட்டும் குறிப்போம். ஒரு கோடு, ஒரு தேதி. 2015 நவம்பர் வெள்ளம் ஒரு நிறம், 2024 டிசம்பர் இன்னொரு நிறம். பிள்ளைகள் வீடு வீடாகப் போய் பீரோக் கோட்டையும் மெஷின் சக்கரத்தையும் கேட்டு அளந்து வரட்டும். தூரத்திலிருந்தும், டார்ச் வெளிச்சத்திலும், எழுதப்படிக்கத் தெரியாதவருக்கும் தெரிகிற மாதிரி அந்தக் கோடு எப்படி இருக்க வேண்டும் என்பதை டிசைனர்கள் அவர்களோடு உட்கார்ந்து தீர்மானிக்கட்டும். எந்த உயரத்தில் என்ன செய்வது என்பதைப் பிள்ளைகளே படமாகப் போடட்டும்: இதுவரை வந்தால் மாட்டை அவிழ்த்துவிடு, இதுவரை வந்தால் பாட்டியை மாடிக்கு ஏற்று.

சொந்தவீடு:
வில்வநகரிலிருந்து எழுதுகிறேன். இவ்வளவு நேரம் சும்மா படித்துக்கொண்டிருந்தேன். என் சுவரில் எவனாவது கோடு போட வந்தால் பிரச்சினை ஆகும், சொல்லிவிட்டேன். வங்கிக் கடனில் கட்டிய வீடு. கீழ் போர்ஷனை வாடகைக்கு விட்டிருக்கிறேன். "2024-இல் இதுவரை தண்ணீர்" என்று கலர் கலராகக் கோடு இருந்தால் யார் குடிவருவான்? நாளை விற்கவேண்டும் என்றால் தரகர் முதலில் அந்தக் கோட்டைத்தான் காட்டுவார். தெருவே சேர்ந்து விலை இறங்கும். டிசைனர்கள் நாலு நாள் வந்து பெயின்ட் அடித்துவிட்டு ஈ.சி.ஆர். பக்கம் காபி குடிக்கப் போய்விடுவார்கள். வட்டி கட்டுகிறவன் நான்.

கெடிலக்கரை:
சொந்தவீடு சொல்வதை நான் எதிர்பார்த்தேன். அவர் மேல் தப்பில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள், அவர் வீட்டை வாடகைக்கு எடுக்கிறவனுக்கும் பிள்ளைகள் இருக்கும். அவனுக்குத் தெரிய வேண்டாமா? ஒரு கோடு ஊரில் இத்தனை பேருக்குக் குத்துகிறது என்றால், பாட்டில் மீன் மாதிரி இல்லை இது என்று ஒத்துக்கொள்கிறேன். பாட்டில் மீன் யாருக்கும் குத்தாது. என் சந்தேகம் இப்போது வேறு: குத்துகிற கோட்டை விட்டுவைப்பார்களா? அடுத்த தேர்தலுக்குச் சுவரில் வெள்ளையடிக்கும்போது அதுவும் போய்விடும்.

மதகு:
கோடு போடுவதென்றால் ஒழுங்காகப் போட வேண்டும். தரையிலிருந்து அளந்தால் அர்த்தமே இல்லை. சாலையை உயர்த்திப் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள், இன்று இடுப்பளவு இருக்கும் கோடு பத்து வருஷத்தில் முழங்காலுக்கு வந்துவிடும். மாறாத ஓர் இடம் வேண்டும்: பாலத்தின் தூண், பழைய மதகு, உங்கள் பள்ளிக் கட்டடத்தின் அடித்தளக் கல். கொத்தனார்கள் தண்ணீர் ஊற்றிப் பிடிப்பார்களே, அந்த லெவல் டியூப் போதும். டியூபின் ஒரு முனையை வீட்டுக்குள் பீரோக் கோட்டில் பிடித்து, மறுமுனையைத் தெருச் சுவருக்குக் கொண்டுபோனால் இரண்டிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். உள்ளே காற்றுக் குமிழி நிற்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் கணக்கு பொய். ஈ.பி. போஸ்ட்டில் போடாதீர்கள். அனுமதியும் கிடைக்காது, புயலில் போஸ்ட்டும் நிற்காது. 2011-இல் தானே புயலுக்கு நம் மாவட்டத்தில் எத்தனை போஸ்ட் நின்றது?

இதையெல்லாம் சொல்வதால் நான் கட்சி மாறிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். இது அளவை வேலை, டிசைன் இல்லை.

வரைகோல்:
சார், அளப்பதிலிருந்துதான் டிசைனே ஆரம்பம். சரி, பெயரில் சண்டை வேண்டாம்.

முதுநகர் டீச்சர்:
ஆசிரியர் அறையில் ஒருவர், இதெல்லாம் எதற்கு, பிள்ளைகளைப் பிச்சாவரம் கூட்டிப்போய் அலையாத்தி நட வைக்கலாம், சுனாமியையே தடுத்த மரம் என்கிறார். அது சுலபமாகவும் இருக்கும். என்ன சொல்கிறீர்கள்?

மதகு:
நடலாம், ஆனால் நட்டதும் கதை முடிந்துவிடாது. பிச்சாவரத்தில் பழைய காலத்தில் காட்டைப் பட்டை பட்டையாக வெட்டிய இடங்கள் தொட்டி போலப் பள்ளமாகிவிட்டன. கடல் ஏறும்போது ஓதத் தண்ணீர் உள்ளே வரும், வெளியே போகாது, வெயிலில் காய்ந்து உப்பு ஏறும். அங்கே எதை நட்டாலும் சாகும். 1990-களில் மீன்முள் வடிவத்தில் வாய்க்கால் வெட்டி ஓதம் வந்துபோக வழி செய்த பிறகுதான் கன்றுகள் பிழைத்தன. முதலில் தண்ணீர், அப்புறம் மரம். சுனாமிக் கதையிலும் தகராறு உண்டு. காடு காப்பாற்றியது என்று பரங்கிப்பேட்டை ஆய்வாளர்கள் இந்தக் கரையோரம் 18 குடியிருப்புகளை வைத்து 2005-இல் எழுதினார்கள். மறுவருஷமே வேறு சிலர் அதே கணக்கை எடுத்துப் போட்டு, ஊர் கடலிலிருந்து எவ்வளவு தூரம், எவ்வளவு மேடு என்பதுதான் பெரிய காரணம் என்று மறுத்தார்கள். உங்கள் பிள்ளைகளுக்கு இரண்டு பக்கத்தையும் சொல்லுங்கள். மேடு பள்ளம் தெரிந்துகொள்வதற்கும் அந்த லெவல் டியூப்தான்.

தாழங்குடா தம்பி:
தேதியை மாற்றுங்கள் டீச்சர். அரையாண்டு விடுமுறை என்றால் மார்கழி. ஃபெஞ்சல் நவம்பர் 30-லேயே கரை கடந்துவிட்டது, ஒரே நாளில் புதுச்சேரியில் 46 செ.மீ.க்கு மேல் கொட்டிற்று. ஐப்பசி பிறப்பதற்குள் கோடு காய்ந்திருக்க வேண்டும். மார்கழியில் வேண்டுமானால் வேறு வேலை இருக்கிறது: பங்குனி ஆமை முட்டையிட வரும் காலம். மணல் சூடு அதிகமானால் பொரிப்பவை பெரும்பாலும் பெண் குஞ்சுகளாகிவிடும் என்கிறார்கள். முட்டைகளைப் பாதுகாக்கும் வேலிக்குள் எந்தக் கீற்று, எந்த உயரத்தில் போட்டால் மணல் எவ்வளவு குளிர்கிறது என்று தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்கட்டும். வனத்துறையிடம் முதலில் கேட்டுவிட்டு.

கெடிலக்கரை:
எல்லாம் சரி. நான் முதலில் கேட்டதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. தண்ணீர் ஏன் வந்தது என்று அந்தப் பிள்ளைகள் கேட்கலாமா கூடாதா? ஏரியை யார் அடைத்தார்கள், நெய்வேலியில் எவ்வளவு எரிகிறது? உயரத்தை மட்டும் அளந்து காரணத்தை விட்டுவிட்டால், வெள்ளத்தோடு வாழப் பழகு என்று பாடம் எடுத்ததாகத்தான் ஆகும்.

முதுநகர் டீச்சர்:
அண்ணே, நேராகவே சொல்கிறேன். நான் சம்பளம் வாங்குகிற ஆசிரியை. ஆக்கிரமிப்பு வீட்டுக்காரர் எங்கள் பெற்றோர் கூட்டத்தில் முன்வரிசையில் உட்காருவார். நான் அந்தக் கேள்வியைக் கேள்வித்தாளில் போட முடியாது. ஆனால் கோடு போட்டுக்கொண்டு போகும்போது, மேட்டுத் தெருவில் உயரமாகவும் பள்ளத் தெருவில் தாழ்வாகவும் தண்ணீர் நின்றதாகக் கணக்கு வந்தால், பிள்ளைகள் நடுவில் எது தடுத்தது என்று கேட்பார்கள். அப்போது வாயை அடைக்க மாட்டேன். நெய்வேலிக்கு இது பதில் ஆகாது, தெரியும். தலைமையாசிரியரிடம் மூன்று விஷயம் சொல்லப்போகிறேன்: புரட்டாசிக்குள் முடிக்க வேண்டும், பிளெக்ஸ் கிடையாது, கோட்டுக்குப் பெயின்ட் போய்விட்டால் வருஷாவருஷம் எட்டாம் வகுப்பு திரும்ப அடிக்க வேண்டும். டிசைனர்கள் வந்தாலும் வராவிட்டாலும்.

கெடிலக்கரை:
எட்டாம் வகுப்பு அடிக்கட்டும். வெள்ளையடிப்பவன் யார் என்று நான் பார்த்துக்கொள்கிறேன்.

சொந்தவீடு:
எதிர்ச்சுவர் மாநகராட்சிச் சுவர். அங்கே போட்டுக்கொள்ளுங்கள், என் சுவரில் வேண்டாம். தண்ணீர் என் ஹால் ஸ்விட்ச் போர்டுக்கு இரண்டு விரல் கீழே நின்றது, ஓரத்தில் இன்னும் துரு இருக்கிறது. டியூப் பிடிக்க வேண்டுமானால் ஞாயிற்றுக்கிழமை காலையில் வரச்சொல்லுங்கள். கீழ் போர்ஷன்காரர்கள் ஊருக்குப் போயிருக்கும்போது.