தாத்தா பெட்டியில் கிடைத்த 'மெட்ராஸ் போலீஸ்' வில்லை, எந்தக் காலத்தது?

செல்வம்_மதுரை:
வணக்கம். ஊரில் பழைய வீட்டை இடிக்கப் போகிறோம் என்று பரணைக் காலி செய்தபோது தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் ஒரு பித்தளை வில்லை கிடைத்தது. முட்டை வடிவம், உள்ளங்கை அகலம், மேலே கிரீடம், சுற்றி ஆங்கிலத்தில் 'மெட்ராஸ் போலீஸ்', நடுவில் 1147. பின்னால் இரண்டு வளையம். தாத்தா ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர், 1952-ல் வேலைக்குச் சேர்ந்தவர். எனக்கு உதைப்பது அதுதான், சுதந்திரம் வந்து ஐந்து வருடம் கழித்துச் சேர்ந்தவருக்கு எதற்குக் கிரீடம்? பழைய சாமான் வாங்கும் ஒருவர் ஏழாயிரம் தருகிறேன் என்கிறார். கொடுத்துவிடலாமா? படம் நாளைக்குப் போடுகிறேன், அம்மா புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கிறார்.

பித்தளைப்பைத்தியம்:
ஐயோ, முதலில் புளியை நிறுத்தச் சொல்லுங்கள்! அந்தக் கருப்புதான் அதன் வயசுச் சான்றிதழ், பளபளவென்று ஆக்கினால் விலை பாதியாகிவிடும். அப்புறம் கிரீடத்தைப் பாருங்கள். வளைவுகள் குவிமாடம் போல உருண்டு மேலே எழும்பியிருந்தால் அது ராஜா கிரீடம், 1901-க்குப் பிறகு வந்தது. உச்சியில் உருண்டைக்குக் கீழே வளைவு உள்வாங்கிப் பள்ளமாக இருந்தால் அது எலிசபெத் ராணியின் கிரீடம், 1953 வாக்கில்தான் வந்தது. இந்தியா 1950 ஜனவரி 26-லேயே குடியரசாகிவிட்டது, அதனால் அந்தக் கிரீடத்தோடு மெட்ராஸ் போலீஸ் வில்லை யாராவது விற்றால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். விக்டோரியா காலத்துக் கிரீடமும் கொஞ்சம் தட்டையாக இருக்கும், அதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஏட்டையா_மகன்:
மேலே சொன்னது சரி, ஆனால் பெயரை மட்டும் வைத்துக் காலம் சொல்ல முடியாது. மெட்ராஸ் மாநிலம் தமிழ்நாடு ஆனது 1969 ஜனவரி 14-ல்தான், அதுவரை 'மெட்ராஸ்' என்றுதான் இருக்கும். நடுவில் எம்.எஸ்.பி. என்று இருந்தால் அது 1921-ல் தொடங்கிய மலபார் ஸ்பெஷல் போலீஸ், அது தனிக் கதை. நம்பரும் அந்தந்த மாவட்டத்துக்குத் தனித்தனி, ஒருவர் போனால் இன்னொருவருக்குப் போகும், மாவட்டம் தெரியாமல் 1147 யார் என்று தேடுவது வீண். உங்கள் தாத்தாவுக்குப் பழைய கையிருப்பைக் கொடுத்திருக்கலாம், அல்லது அது அவருடையதே இல்லாமல் இருக்கலாம். வீட்டில் பெரியவர்களைக் கேளுங்கள். சென்னைக்கு வந்தால் எழும்பூரில் பழைய கமிஷனர் ஆபீஸ் இப்போது போலீஸ் அருங்காட்சியகமாக இருக்கிறது, ஒரு நடை போய் ஒப்பிட்டுப் பாருங்கள்.

கோவை_நாணயம்:
போலியா என்று பார்க்கப் பின்பக்கத்தைத் திருப்புங்கள். அச்சில் அடித்ததில் முன்பக்க எழுத்தின் ஓரம் கூர்மையாக இருக்கும், மெல்லிய தகடு என்றால் பின்னால் அதன் குழிவும் தெரியும். மணல் வார்ப்பில் நகல் எடுத்ததென்றால் எழுத்து மழுங்கி, ஊசி குத்தினாற்போலப் பொடிப்பொடியாகத் துளை இருக்கும். உள்ளூரிலேயே வார்த்த நிஜமான வில்லைகளும் உண்டு என்பதால் இதை மட்டும் நம்பித் தீர்ப்பு எழுத முடியாது, வளையத்தின் பற்றவைப்பும் உள்வளைவின் தேய்மானமும் பழசா என்று பாருங்கள். இன்னொன்று, நூறு வருடம் தாண்டியிருந்தால் 1972 சட்டப்படி அது தொல்பொருள், வெளிநாட்டுக்காரர் டாலரில் கேட்கிறார் என்று பார்சல் கட்டிவிடாதீர்கள்.

செல்வம்_மதுரை:
எல்லோருக்கும் நன்றி. புளியை நிறுத்துவதற்குள் முன்பக்கம் தங்கம் மாதிரி ஆகிவிட்டது, பின்பக்கம் தப்பியது. வளையத்தின் உள்பக்கம் நன்றாகத் தேய்ந்திருக்கிறது. கிரீடம் உருண்டைதான், ராஜா கிரீடம். ராத்திரி அத்தைக்குப் போன் போட்டேன், சிரிக்கிறார். அது தாத்தாவுடையதே இல்லையாம், ஆச்சியின் அப்பா ராமநாதபுரம் பக்கம் கான்ஸ்டபிளாக இருந்தவராம், மருமகன் போலீஸில் சேர்ந்ததும் தன் வில்லையைக் கையில் கொடுத்தாராம். அப்பாவுக்கே இது தெரியாது. விற்பதாக இல்லை என்று வியாபாரியிடம் சொன்னேன், உடனே பன்னிரண்டாயிரம் என்கிறார்!