அங்கன்வாடியா, எல்கேஜியா? படிக்காத அம்மா கேட்கிறேன்

செக்கிங் அக்கா, திருப்பூர்:
பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். பள்ளிக்கூடம் போனதில்லை, இதைக்கூட போனில் பேசித்தான் எழுத வைக்கிறேன், தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்க. மகளுக்கு நாலு வயது, அங்கன்வாடிக்குப் போகிறாள். பக்கத்து வீட்டுப் பையன் எல்கேஜி, ஏபிசிடி எழுதிக் காட்டுகிறான். இவள் பாட்டுப் பாடுகிறாள், சத்துமாவு உருண்டை தின்கிறாள், அவ்வளவுதான். குழுவில் கடன் வாங்கி 20,000 கட்டிவிடலாமா? வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆளில்லை.

அங்கன்வாடி டீச்சர்:
தங்கச்சி, கடன் வாங்காதே. 16 வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். ‘ஆடிப் பாடி விளையாடு பாப்பா’ பாடத்திட்டத்தோடு மல்லுக்கட்டுகிறவள் சொல்கிறேன்: நாலு வயது விரலுக்குப் பென்சில் அவசரமில்லை. மணி கோர்க்கட்டும், களிமண் பிசையட்டும். பேச்சுதான் முதலில் வரணும். என்னிடம் ஒரு பையன் இருந்தான். படத்தைக் காட்டினால் “காக்கா” என்பான், அதோடு வாயை மூடிக்கொள்வான். அவன் அம்மாவும் கைநாட்டுதான். சாயங்காலம் கூட்டிப்போகும்போது “இன்னைக்கு என்ன நடந்துச்சு? அப்புறம்?” என்று கேட்டுக்கொண்டே போகச் சொன்னேன். மூன்று மாதத்தில் காக்காவுக்கு வீடும் வந்தது, மாமியாரும் வந்தாள்! உன் கம்பெனியில் கழித்துப்போடும் சைஸ் லேபிள் இருக்குமே, கேட்டு வாங்கிப் போ. பாப்பா பிரித்து அடுக்கட்டும்.

எம்.எட். மாணவன்:
டீச்சர் சொல்வதற்கு ஒரு பழைய சாட்சி உண்டு. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலம், இப்சிலான்டி ஊரில் 1962இல் தொடங்கிய பெர்ரி பாலர் பள்ளி. ஏழைக் கறுப்பினக் குழந்தைகள் 123 பேரில் 58 பேரைச் சேர்த்தார்கள். வகுப்பு போக, வாரம் ஒருமுறை ஆசிரியரே வீட்டுக்குப் போய் அம்மாவோடும் பிள்ளையோடும் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தார். ஐ.க்யூ. என்கிற அறிவுத்திறன் மதிப்பெண்ணில் வந்த ஏற்றம் சில வருடத்தில் கரைந்துபோனது. ஆனால் 40 வயதில் கணக்கெடுத்தபோது, அவர்களில் 77 சதவீதம் பேர் பள்ளிப்படிப்பை முடித்திருந்தார்கள், சேராதவர்களில் 60 சதவீதம். சின்னக் கூட்டம்தான், ரொம்ப இழுக்கக் கூடாது.

லோடு ஆட்டோ:
எல்லாம் சரி. எங்கள் தெரு மையத்தில் ஒரே டீச்சர். எடை பார்க்கவும் போனில் பதிவேற்றவுமே பொழுது போய்விடுகிறது, பாட்டுக்கு எங்கே நேரம்? அக்கா, அரை நாள் லீவு போட்டு அங்கே உட்கார்ந்து பாருங்க, அப்புறம் முடிவெடுங்க.

செக்கிங் அக்கா, திருப்பூர்:
வியாழக்கிழமை லீவு சொல்லியிருக்கிறேன். லேபிள் ஒரு கவர் நிறையக் கிடைத்தது. எஸ்ஸைப் பாம்பு என்கிறாள், எம்மை மலை என்கிறாள். இன்னொன்றைக் காட்டி இது என்னம்மா என்றாள். எல் என்றேன். பன்னிரண்டு வருடமாக அதைப் பார்த்துத்தானே அடுக்குகிறேன்.